சுவர்கள் நகரும் வீடு

ஹாலந்து தேசத்தின் நடுவில் யூட்ரெக்ட் என்று ஒரு நகரம். ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறினால் அரை மணியில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு சமாசாரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒன்று, டோம் கோபுரம். 112 மீட்டர் உயரம். அந்த நாட்டில் இதைவிட உயரமான மாதா கோயில் கோபுரம் கிடையாது. மற்றொன்று, ஊருக்குள் வளைந்து செல்லும் பழைய வாய்க்கால். அதன் இரு கரைகளிலும் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய நிலவறைகள் இருக்கின்றன; சாமான் அடைத்து வைத்த இடங்களில் இன்று நாற்காலி போட்டுக் காப்பி விற்கிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் ஒரு வீட்டைக் கட்டி ஆளுகிற நம் வாசகிகளுக்கு நான் காட்ட விரும்புவது மூன்றாவதாக ஒன்று.

ரயிலடியிலிருந்து கிழக்கே அரை மணிக்குச் சற்று அதிகமாக நடந்தால் பிரின்ஸ் ஹெண்ட்ரிக் வீதி வருகிறது. நடக்கக் கஷ்டமானால் பஸ் இருக்கிறது. வீதியின் ஒரு பக்கம் முழுவதும் செங்கல் வீடுகள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப்போல் ஒரே மாதிரி நிற்கின்றன. வரிசை முடிகிற இடத்தில், கடைசி வீட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளையும் சாம்பலுமாகச் சில பலகைகளை யாரோ நெட்டுக்கும் குறுக்குக்கும் நிறுத்தி வைத்திருப்பது தெரியும். ஊடே மஞ்சளில் ஒரு கம்பம், சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஏதோ குழந்தை சீட்டுக்கட்டை அடுக்கி விளையாடிவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். அதுதான் வீடு! ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீடு என்று பெயர். 1924-ல் கட்டியது. 2000-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகத்தின் பொதுச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. தாஜ்மகால் இருக்கிற அதே ஜாபிதாவில் இந்தச் சின்னஞ்சிறு வீடும் இருக்கிறது.

அப்படி என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். விசேஷம் வெளியில் இல்லை, மாடியில் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் வீட்டுக்கார அம்மாளை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஸ்ரீமதி த்ரூஸ் ஷ்ரோடர் 1889-ல் பிறந்தவர். மருந்து தயாரிக்கும் கலையைப் படித்தவர். 1911-ல் ஒரு வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள்: மூத்தவன் பின்னெர்ட், அடுத்தவள் மார்யான், கடைக்குட்டி ஹான். உயரமான கூரையும் பெரிய பெரிய அறைகளுமாக வீடு. பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் குறை ஒன்றும் இருந்திராது. ஆனால் குழந்தைகளை வளர்க்கும் விஷயத்தில் கணவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். பெரியவர்கள் கூடிப் பேசுமிடத்தில் குழந்தைகளும் இருக்க வேண்டும், அந்தப் பேச்சைக் கேட்டு வளர வேண்டும், ஒருவர் சொல்வதை மற்றொருவர் மறுப்பதையும் அவர்கள் கேட்க வேண்டும் என்பது அம்மாளின் ஆசை. அந்த வீட்டிலோ அறைக்கு அறை கதவு. கதவுக்குக் கதவு ஒரு சட்டம்.

1921-ல் ஒரே ஓர் அறையை மட்டும் அவர் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள வீட்டில் சம்மதம் கிடைத்தது. அந்த வேலைக்கு வந்தவர்தான் கெரிட் ரீட்வெல்ட். அதே ஊர்த் தச்சர் ஒருவரின் பிள்ளை. சிறு வயதிலேயே தகப்பனாரின் பட்டறையில் இழைப்புளி பிடித்தவர். பலகைகளையும் கட்டைகளையும் சேர்த்து அவர் செய்த ஒரு நாற்காலி, பிற்பாடு சிவப்பும் நீலமும் பூசப்பட்டு, இன்று உலகத்துப் பொருட்காட்சிசாலைகளில் எல்லாம் வீற்றிருக்கிறது. (உட்கார்ந்தால் சுகமாக இருக்குமா என்பது வேறு விஷயம்.) அறை மாறியது. அம்மாளுக்குத் திருப்தி. அத்துடன் நின்றது.

1923-ல் கணவர் காலமானார். மூத்தவனுக்கு அப்போது பதினொரு வயது. கடைசிப் பெண்ணுக்கு ஐந்து. பெரிய வீட்டை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்து, ரீட்வெல்டைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் ஷ்ரோடர் அம்மாள் முதலில் நினைத்தார். புதிதாகவே கட்டிவிடலாமே என்று ரீட்வெல்ட் யோசனை சொன்னார். அதுவரை அவர் முழுதாக ஒரு வீடு கட்டியது கிடையாது! நாற்காலி செய்கிறவரை நம்பி, மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு விதவை வீடு கட்டக் கிளம்பினார் என்றால், உறவினர்கள் எப்படி முகம் சுளித்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மனை கிடைத்தது நகரத்தின் கடைக்கோடியில். அந்த நாளில் வீதி அங்கே முடிந்தது. அப்பால் பசும்புல் தரை. ஹாலந்தில் தாழ்ந்த நிலத்துக்குக் கரை கட்டி, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுப் பயிரிடுவார்கள். போல்டர் என்று அதற்குப் பெயர். மேடு பள்ளம் இல்லாமல் வானம் வந்து தரையைத் தொடுகிற வரையில் கண் ஓடும். மனை சிறிது. பெரிய தோட்டம் போட இடம் இல்லை. ஆனால் எதிரே கிடக்கும் வெளி முழுவதும் தன் தோட்டம் என்று வைத்துக்கொண்டால் அதற்கு வேலி ஏது? அம்மாள் அப்படித்தான் வைத்துக்கொண்டார். அந்த ஊர் வழக்கப்படி கீழே புழங்கி, மாடியில் படுக்காமல், மாடியிலேயே குடித்தனம் நடத்தத் தீர்மானித்தார். அங்கிருந்துதான் காட்சி தெரியும்.

ரீட்வெல்ட் முதலில் போட்டுக்கொண்டு வந்த படம் அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கம் வெயில் வரும், எங்கே நின்றால் வெளி நன்றாகத் தெரியும் என்று இடத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளேயிருந்து வெளியே வந்தார்களாம். வெளித்தோற்றத்தை முதலில் வரைந்து வைத்துக்கொண்டு, அறைகளை அதற்குள் திணிக்கிற வேலையே இல்லை. அம்மாள் கேட்ட விஷயங்களைக் கேளுங்கள். ஒவ்வோர் அறையிலும் தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் போக வழியும் வேண்டும். ஒவ்வோர் அறையிலும் கட்டிலைக் குறைந்தது இரண்டு விதமாகப் போட இடம் இருக்க வேண்டும். அறையிலிருந்து நேரே வெளியே போக ஒரு வழி வேண்டும்; கீழே தோட்டத்துக்கு, மாடியானால் பால்கனிக்கு.

கட்டில் விஷயத்தைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் வீடுகளில் படுக்கையறை என்று ஒன்றைக் கட்டிவிட்டு, கட்டில் போட்ட பிறகு பீரோ திறக்கவில்லை என்று தவிக்கிறோம்! கட்டில் இப்படியும் போகும், அப்படியும் போகும் என்றால் அறை இன்று படுக்கையறை, நாளைக்குப் படிக்கும் அறை, அடுத்த வருஷம் குடிக்கூலிக்கு விடும் அறை. தண்ணீரும் தனி வாசலும் ஏன் கேட்டார் என்பதும் அப்போது புரிகிறது. குழந்தைகள் வளர்வார்கள், ஒருவர் ஒருவராக வெளியே போவார்கள், அறை அப்படியே இருக்க முடியாது. முப்பத்தைந்து வயதில் அந்த அம்மாள் அறுபது வயதுக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

இனி மாடிக்குப் போவோம். ஏறுமுன் கீழ்த் தளத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். சமையலறை, வேலைக்காரிக்கு ஓர் அறை, படிக்க ஒன்று, ரீட்வெல்ட் சில வருஷம் ஆபீஸாக வைத்துக்கொண்டிருந்த அறை ஒன்று. எல்லாம் ஒழுங்காகச் சுவர் வைத்துத் தடுத்தவை. காரணம், நகரசபையின் கட்டட விதிகள். மாடியில் அம்மாள் நினைத்தது போல் சுவரே இல்லாமல் கட்ட அந்த விதிகள் இடம் கொடுக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தில் கீழ்த் தளத்தை மட்டும் வீடு என்று காட்டினார்கள். மாடிக்குப் 'பரண்' என்று பெயர் எழுதிவிட்டார்கள்! பரணுக்கு அறைக் கணக்கு யார் கேட்கப் போகிறார்கள்? அனுமதி கிடைத்தது.

வீடு இப்போது காட்சிசாலை. நகரத்தின் சென்ட்ரல் மியூசியம் பார்த்துக்கொள்கிறது. சிறுசிறு கூட்டமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். தரை கெடாமலிருக்கக் காலணிக்கு மேல் ஓர் உறை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். படி குறுகல். மேலே கூரையில் கண்ணாடி வைத்திருப்பதால் வெளிச்சம் படியோடு கூடவே இறங்கி வருகிறது. ஏறி நின்றால் ஒரே கூடம். படி நடுவில் இருக்க, அதைச் சுற்றி மூன்று பக்கமும் ஜன்னல். தரையில் ஓரிடம் சிவப்பு, ஓரிடம் வெள்ளை, ஓரிடம் சாம்பல், ஓரிடம் கறுப்பு.

வழிகாட்டி ஒரு மூலைக்குப் போய் அங்கே ஒதுங்கி நின்ற ஒரு பலகையைப் பிடித்து இழுத்தாள். அது தண்டவாளத்தில் வண்டி வருவதுபோல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்று மடிந்து திரும்பியது. ஒன்று நேரே போய் எதிர்ச்சுவரில் பொருந்தியது. இரண்டே நிமிஷத்தில் நாங்கள் நின்ற கூடம் காணாமற் போய், பையனுக்கு ஓர் அறை, பெண்கள் இருவருக்கும் ஓர் அறை, சாப்பிட்டுப் பேச ஓர் இடம் என்று பிரிந்துவிட்டது. அம்மாளுக்குப் படுக்கத் தனியாக ஒரு சிற்றறை. குளிக்கும் தொட்டியும் ஒரு மடிப்புக் கதவுக்குப் பின்னால் அடக்கம். தரையின் வர்ணங்கள் ஏன் அப்படித் திட்டுத் திட்டாக இருந்தன என்பதும் சுவர்கள் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. பகலில் படுக்கைகள் சோபாவாகிவிடும். இரவில் சுவரை இழுத்து மூடிக்கொண்டு அவரவர் அறையில் அவரவர். காலையில் மறுபடியும் கூடம்.

இதில் நமக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை என்றும் ஒருவர் வாதாடலாம். நம் வீட்டுக் கூடமும் காலையில் சாப்பிடுமிடம், மத்தியானம் தூங்குமிடம், சாயங்காலம் பாட்டு வாத்தியார் வருமிடம், இரவு பத்துப் பேருக்குப் பாய் விரிக்குமிடம்தானே? உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழ வேண்டுமென்றால் எங்கே போவாள்? அந்த இடத்தைத்தான் ஷ்ரோடர் அம்மாள் யோசித்தார்.

இங்கேதான் கதையின் மர்மம் இருக்கிறது. சுவர்கள் வேண்டாம் என்ற எண்ணமும் அம்மாளுடையது. நகரும் சுவர்கள் வேண்டும் என்ற பிடிவாதமும் அம்மாளுடையது. கீழ்த் தளத்துத் திட்டம் ஆன பிறகு, மாடியில் இந்தச் சுவர்களையும் எடுத்துவிடலாமா என்று கேட்டவர் அவர். ரீட்வெல்டுக்கு வாயெல்லாம் பல். தாராளமாக எடுத்துவிடலாம் என்றார். எடுத்ததை அப்படியே விட்டுவிடவே அவருக்கு ஆசை. திறந்த வெளி, மூன்று புறமும் வானம். கலைஞனுக்கு அது போதும். அம்மாளுக்குப் போதவில்லை. குழந்தைகள் வேண்டியபோது ஒதுங்கிக்கொள்ள வழி இல்லாமல் ஒரு வீடா என்று பலகைத் தடுப்புகளைப் போடச் சொன்னார். அவற்றைப் போட்டதில் ரீட்வெல்டுக்குக் கடைசி வரைக்கும் கொஞ்சம் வருத்தம்தான் என்று அம்மாளே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கட்டடக் கலை மாணவர்கள் வந்து பார்ப்பது எதை? அந்தத் தடுப்புகளைத்தான்!

வெகு காலம் புத்தகங்களில் வீட்டுக்கு ஒரே பெயர்தான்: ரீட்வெல்ட் கட்டியது. அம்மாள் பணம் கொடுத்தவர், அவ்வளவுதான். ஆனால் வேலை நடந்த காலத்தில் இருவர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். அதன் பிறகும் பல வேலைகளை இருவரும் சேர்ந்து செய்தார்கள். இப்போது வீட்டின் பெயரில் ஷ்ரோடரும் இருக்கிறார். அவர் கடைக்குட்டி ஹான் வளர்ந்து தானும் கட்டடக் கலை பயின்று, அந்தத் துறையிலேயே வேலை பார்த்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேஜை இருக்கும் மூலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாக இரண்டு சுவர் சந்திக்கிற மூலையில் ஒரு தூண் நிற்கும். இங்கே தூணை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டார்கள். மூலையின் இரு பக்கத்திலும் ஜன்னல். இரண்டையும் திறந்தால் மூலையே மறைந்துவிடுகிறது! சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வீட்டுக்குள் இருக்கிறாரா, மரத்தடியில் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. அந்த நாளில் போல்டர் வெளி நேரே மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கும். கைப்பிடி அளவு மனையில் தோட்ட வீடு கட்டுவது எப்படி என்பதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதிலை நான் பார்க்கவில்லை.

சின்னச் சின்ன வசதிகளும் உண்டு. வாசலில் சாமான் கொண்டுவருகிறவனுக்கென்று ஓர் அறிவிப்பு: முதலில் மணியை அடிக்கவும், பதில் இல்லாவிட்டால் பேசும் குழாயில் பேசவும். குழாய் வழியாக மாடியிலிருந்தே பேரம் பேசலாம். கீழே சமைத்ததை மேலே ஏற்ற ஒரு சிறு தூக்குப் பெட்டி. மஞ்சள் வர்ணத்தில் அடுக்கடுக்காக ஓர் அலமாரி. அதற்குள் கிராமபோனுக்கும் சினிமாக் காட்டும் கருவிக்கும் இடம். எல்லாவற்றையும் மூடினால் பெட்டிமேல் பெட்டி வைத்ததுபோல் இருக்கும். திறந்தால்தான் விஷயம் வெளியே வரும்.

எல்லாம் நன்றாகத்தானிருக்கிறது என்று சொல்லிவிட மாட்டேன். மாடியில் சாப்பாடு, கீழே அடுப்பு என்பது வேலைக்காரி இருந்த வீட்டில் தோன்றிய யோசனை. தூக்குப் பெட்டி சாப்பாட்டைத் தூக்கும். மறந்துபோன உப்பை யார் தூக்குவது? காலையும் மாலையும் சுவர்களை இழுத்து நிறுத்துவதும் ஒரு வேலைதான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவதுபோல் சுலபம் இல்லை. பலகைத் தடுப்பு கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒரு பக்கம், பெரியவர்கள் இரவு நெடுநேரம் கலையைப் பற்றி வாதாடுவது மறு பக்கம் என்றால், பாடம் ஏறுமா என்பதைத் தாய்மார்களின் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன். அங்கே அறைகளின் சௌகரியத்துக்காகக் கொடுத்த விலை அது.

குழந்தைகள் கொடுத்த விலை வேறொன்றும் உண்டு. செங்கல்லும் சரிந்த கூரையுமாக இருந்த அந்த ஊரில் இப்படி ஒரு வீட்டை யாரும் கண்டதில்லை. பைத்தியக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி. நாமெல்லாரும் ஒரு வயதில் மற்றவர்களைப்போல் இருந்தால் போதும் என்று ஏங்கியவர்கள்தானே? தாயார் தங்களுக்காகவே ஒவ்வோர் அங்குலமும் யோசித்துக் கட்டிய வீட்டை நினைத்து அந்தக் குழந்தைகள் கூச வேண்டியிருந்தது என்பதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. தாயார் மனம் தளரவில்லை. வீட்டை மாற்றவில்லை.

மாற்றவில்லை என்றா சொன்னேன்? ஜனங்களின் கேலிக்காக மாற்றவில்லை. தன் தேவைக்காக மாற்றிக்கொண்டே இருந்தார். குழந்தைகள் வளர்ந்து பிரிந்தபின் அறைகளை வாடகைக்கு விட்டார். கீழ்த் தளத்தை வேறு குடித்தனத்துக்குக் கொடுத்தபோது, மாடியில் தம் படுக்கையறையைச் சமையலறையாக்கிக்கொண்டார். 1936-ல் கூரைமேல் ஓர் அறை முளைத்தது. 1958-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் மாண்டிசோரி முறைக் குழந்தைகள் பள்ளிகூட அங்கே நடந்தது. அறைக்கு அறை தண்ணீர் கேட்டு வைத்தாரே, அது இந்தக் காரியங்களுக்கெல்லாம் கைகொடுத்தது.

ரீட்வெல்டுக்கும் ஷ்ரோடர் அம்மாளுக்கும் இருந்த நெருக்கம் ஊருக்குத் தெரிந்ததுதான். அவருக்கு மனைவியும் ஆறு குழந்தைகளும் உண்டு. அந்த வீட்டில் அதனால் என்ன கண்ணீர் சிந்தினார்கள் என்பது சுவர்களைப் பற்றி எழுதும் கட்டுரையில் அடங்காது. ஒன்றும் நடவாததுபோல் எழுதுவதும் சரியல்ல. 1957-ல் மனைவி இறந்தார். மறு வருஷம் ரீட்வெல்ட் தாம் கட்டிய இந்த வீட்டுக்கே குடிவந்தார். 1964-ல் இங்கேயே காலமானார்.

கடைசி வருஷங்களில் அவருக்கு ஒரு பெரும் கவலை இருந்தது. காட்சிதான் இந்த வீட்டின் உயிர் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் முன்பே எதிர்ப் பக்கத்து நிலம் கட்டடத்துக்கு வந்தபோது, அங்கே வேறு யாரோ எதையோ எழுப்பிவிடக்கூடாதென்று அம்மாள் அதை வாங்கினார். இருவருமாகச் சேர்ந்து 1931-ல் அதில் ஒரு வரிசை வீடுகளைக் கட்டினார்கள். கண்ணில் படுவதுதான் படப் போகிறது, நாம் கட்டியதாகவாவது இருக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் 1960-களில் சர்க்கார் போட்ட விரைவுச் சாலையை அப்படி வாங்கிவிட முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ மாடி ஜன்னலுக்கு எதிராக, மேட்டின்மேல் சாலை எழும்பியது. போல்டர் வெளி மறைந்தது. வீட்டை இடித்துவிடலாம் என்றார் ரீட்வெல்ட். வெளியைப் பார்க்கவென்று பிறந்த வீடு. வெளி போனபின் அது எதற்கு என்பது அவர் வாதம்.

அம்மாள் இடிக்கவில்லை. இந்த இடத்தில் நான் அம்மாள் கட்சி. காட்சி அவருக்கும் பெரிதுதான். ஆனால் நாற்பது வருஷம் ஒரு வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, குடித்தனக்காரரைச் சமாளித்து வாழ்ந்தவருக்கு வீடு ஜன்னலோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டைக் காப்பாற்ற 1970-ல் ஓர் அறநிலையம் ஏற்பட்டது. ரீட்வெல்டிடம் வேலை பார்த்த பெர்டுஸ் முல்டர் என்ற கட்டடக் கலைஞர் முதலில் வெளிப்புறத்தைச் செப்பனிட்டார். அம்மாள் உள்ளேயே குடியிருந்தார். 1985 ஏப்ரலில், 95-வது வயதில் கண்ணை மூடினார். அறுபது வருஷம் ஒரே வீடு.

அதற்குப் பிறகு உள்புறத்தையும் முல்டர் திருத்தினார். மாடிச் சமையலறை முதலான பிற்காலச் சேர்க்கைகள் போய், வீடு ஆரம்ப காலத்து உருவத்துக்குத் திரும்பியது. 1987 முதல் பொதுமக்கள் பார்க்கிறார்கள். அந்த வயதான அம்மாள் காப்பி போட்டுக் குடித்த மூலையையும் விட்டு வைத்திருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆதங்கம். பண்டிதர்களுக்கு அது சரிப்படாது போலும்.

போகிறவர்கள் முன்கூட்டியே நேரம் குறித்துச் சீட்டு வாங்கிக்கொள்வது அவசியம். வாசலில் போய் நின்றால் இடம் கிடைப்பது துர்லபம். பெரிய பையைக் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்ததும் மேட்டுச் சாலையின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போங்கள். எராஸ்மஸ் வீதியில் அந்த 1931-ம் வருஷத்து வீடுகள், வெள்ளைச் சுவரும் நீண்ட ஜன்னலுமாக இன்னும் இருக்கின்றன. தலைக்கு மேல் கார்கள் ஓடுகிற சத்தம் ஓயாது.